எழுபது நொடி

விளக்கு எரிகிறது என்று வருகிறவர்களிடம்
நான் முதலில் கேட்பது
எப்படி எரிகிறது என்பதைத்தான்.
எடுத்த எடுப்பில் நின்று எரிந்தால் காற்றுக் குறைவு.
எழுபது நொடி கண்ணடித்துவிட்டு
அப்புறம் முறைத்தால்
காற்றைத் தொடாதே.
சொல்கிற இடத்திலோ கேட்கிற இடத்திலோ கோளாறு.

எல்குஜா ஆறு இடத்தில் காற்றைத் தொட்டுவிட்டு வந்திருந்தான்.
ருஸ்தாவியில் பம்பு வைத்திருக்கும் அத்தனை பேரும்
கொஞ்சம் ஊதியிருக்கிறார்கள், ஆளுக்கு ஐந்து லரி.
கடைசி ஆள் விளக்கின் மேல்
கறுப்பு டேப் ஒட்டி அனுப்பியிருக்கிறான்.
அதற்கும் ஐந்து.

நவம்பர். உருக்காலைப் பக்கமிருந்து
விரல் நுனியை அறுக்கிற குளிர்.
வெள்ளை லெக்சஸ்; அமெரிக்காவில் எங்கோ வெள்ளத்தில் முங்கி,
ஏலத்தில் போய், பொத்தி துறைமுகத்தில் இறங்கிய வண்டி.
இருக்கைக்கு அடியில் இன்னமும் யார் ஊர் மணலோ.
முன்னால் அவன் மனைவி லாமாரா
சூரியகாந்தி விதை கொறித்தபடி.

டேப்பை உரித்தேன். சாவியைத் திருப்பி எண்ணினேன்.
அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது.
முறைத்தது.

நின்ற வண்டியில் சென்சார்கள் தூங்கும்.
கருவியை வால்வின் காதோரம் வைத்து
ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும்.
முன் இடது: இரண்டு புள்ளி மூன்று, பேட்டரி உயிரோடு.
முன் வலது: அதே.
பின் வலது சற்று யோசித்து, இரண்டு புள்ளி நாலு.
பின் இடது, நான் கேட்டு முடிப்பதற்குள் பதில்.

நாலும் பேசுகின்றன.
வண்டி மட்டும், ஒருத்தரைக் காணோம் என்கிறது.

வெள்ளத் தண்ணீர் அதன் மூளைக்குள் போயிருக்கும், என்றான் எல்குஜா.
வயரை வெட்டிவிடு மாக்வாலா, நிம்மதி.

ஸ்டெப்னி,
என்றாள் லாமாரா, உமியைத் துப்பிக்கொண்டே.

அவன் திரும்பவில்லை. நானும்தான்.
ஸ்கேனரைச் செருகிக்கொண்டிருந்தேன்.
திரையில் ஐந்து வரிசை விழுந்தது.
ஐந்தாவதற்கு நேரே வெறும் கோடு.

வண்டிக்கடியில் படுத்து
துருவேறிய சங்கிலியை இறக்கினேன்.
கண்ணில் மண்.
ஸ்டெப்னி கல்லு மாதிரி இருந்தது, காற்றுக்குப் பஞ்சமில்லை.
கருவியை வைத்தேன். பதில் இல்லை.
இன்னொரு முறை. இல்லை.
செத்துவிட்டது என்று எழுதப்போன பேனாவை
ரிம்மின் உள்விளிம்பில் இருந்த ஜெர்மன் எழுத்து நிறுத்தியது.

அமெரிக்க வண்டியின் காது முந்நூற்றுப் பதினைந்தில் திறந்திருக்கும்.
ஐரோப்பியச் சக்கரத்தின் வாய் நானூற்று முப்பத்து மூன்றில்.
அலைவரிசையை மாற்றினேன்.

கொட்டியது:
இரண்டு புள்ளி ஐந்து. ஆறு டிகிரி. பேட்டரி நலம்.
இருட்டில், மண்ணுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் தொங்கிக்கொண்டு
எல்லாம் சரி, எல்லாம் சரி என்று
அது சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

"ஆகஸ்டில், மலிவு என்று இந்தச் சக்கரத்தை வாங்கினாய்.
அன்று ராத்திரியே கண்ணடித்தது. சொன்னேன்."

"எப்போது சொன்னாய்?"

"கோரிக்குப் போகும்போது. உன் அம்மா வீட்டு வாசலில்.
நேற்று.
இப்போது, இவள் அடியில் படுக்கும் முன்."

புது சென்சார் எண்பது லரி, திபிலிசியிலிருந்து வியாழக்கிழமை வரும்.
டயரைக் கழற்றி மாட்டி
அதன் எண்ணை வண்டிக்குப் பழக்க இன்னொரு முப்பது.
எல்குஜா பேரம் பேசவில்லை.
பதினோரு வருடமாகக் கடை நடத்துகிறேன்,
பேரம் பேசாத ஆளைப் பார்த்தால் எனக்குப் பயம்.

தரையில் கிடந்த கறுப்பு டேப்பை எடுத்து
மறுபடி ஒட்டப் பார்த்தான். பசை போய்விட்டிருந்தது.
எரியட்டும், வியாழன்வரைதானே, என்றாள் அவள்.
ஜன்னலை இறக்கி
கிரீஸ் கையிலேயே ஒரு பிடி விதை கொட்டினாள்.

எஞ்சின் கிளம்பியது.
உள்ளே அது கண்ணடிக்கத் தொடங்கியிருக்கும்.
ஒன்று, இரண்டு என்று நான் இங்கிருந்தே எண்ணினேன்.
சந்தை முனையில் திரும்பும்போது நாற்பத்து நாலு.
அவன் வாய் அசைவது தெரிந்தது.
முகம் சாலையைப் பார்க்கவில்லை.